கணக்கு, ரொக்கம், கடிதம்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, பரீட்சைத் தாள்களைச் சிவப்பு மையால் நான் இம்சித்துக்கொண்டிருந்த சமயம். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கி வந்த வாலிபனைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவன் குனிந்து காலைத் தொட்ட பிறகுதான், பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் என்பது விளங்கிற்று.

கெட்டிக்காரப் பையன். கணிதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவன். அந்தத் தொண்ணூற்றெட்டைப் போட்டவன் நானே. பிறகு என்ஜினீயரிங் படித்துத் தேறினான். தகப்பனார் காலமானதும், கோயம்புத்தூருக்கு அருகில் அவர் நடத்தி வந்த சிறிய பட்டறையை ஏற்றுக்கொண்டான். பம்பு செட்டுகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை. பதினான்கு தொழிலாளிகள்.

"தொழில் எப்படி நடக்கிறது, தம்பி?" என்று கேட்டேன்.

"நன்றாக நடக்கிறது, ஸார். மாதம் ஒரு லட்சம் லாபம் வருகிறது" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "ஆனால் ஏழாம் தேதி சம்பளம் போடக் கையில் பணம் இல்லை. அம்மாவின் நகைகளை அடகு வைக்கலாமா என்று பார்க்கிறேன். கணக்கில் லாபம் இருக்கிறது. பெட்டியில் பணம் இல்லை. அது எங்கே போகிறதென்றுதான் எனக்குப் புரியவில்லை."

வாசகர்கள் சிரிக்கக் கூடாது. நான் சிரிக்கவில்லை. பதினான்கு குடும்பங்களுக்குச் சோறு போடுகிறவன், தன் வீட்டுப் பணம் எங்கே போயிற்று என்று கணக்கு வாத்தியாரிடம் கேட்க வந்திருக்கிறான்! அந்தக் கேள்விக்கு விடை காணும் வித்தையை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை என்பதுதான் என் மனத்தில் தைத்தது. வட்டத்தின் பரப்பு தெரியும். தன் கடையின் பற்றும் வரவும் தெரியாது. இந்தக் குறை அவன் ஒருவனுடையது மட்டுமா?

திண்ணையில் ஒரு கணக்கு

பரீட்சைத் தாள்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக்கொண்டோம். விஷயம் இது: மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பெரிய வாடிக்கைக்காரர் அவனுக்கு வேலை கொடுத்திருந்தார். மாதந்தோறும் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு. மூலப்பொருளுக்கு 6 லட்சம், கூலிக்கு 2 லட்சம், வாடகை, மின்சாரம் முதலிய சில்லறைச் செலவுகளுக்கு 1 லட்சம். மிச்சம் 1 லட்சம் லாபம். இது வரையில் பையன் போட்ட கணக்குச் சரியே.

ஆனால் அந்த வாடிக்கைக்காரர் பணம் கொடுப்பது சரக்குப் போய் 90 நாள் கழித்து. இரும்பு வியாபாரிக்கோ 30 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். கூலியும் வாடகையும் அந்தந்த மாதமே போய்விடும். இப்போது மாதக் கணக்கைப் பாருங்கள். முதல் மாதம் பெட்டியிலிருந்து போனது 3 லட்சம். இரண்டாம் மாதம் முதல் மாதத்து இரும்புக்கு 6, கூலி முதலியவற்றுக்கு 3, ஆக 9 லட்சம். மூன்றாம் மாதமும் 9 லட்சம். மொத்தம் 21 லட்சம் வெளியே போயிற்று; உள்ளே வந்தது ஒரு காசு இல்லை. இதே மூன்று மாதங்களில் லாப நஷ்டக் கணக்கு மட்டும், "3 லட்சம் லாபம்" என்று புன்னகை செய்துகொண்டிருந்தது!

இரண்டும் உண்மைதான். லாபம் என்பது ஓர் அபிப்பிராயத்தைப் போன்றது. சரக்குக் கைமாறியவுடன் அது ஏட்டில் ஏறிவிடுகிறது. ரொக்கம் அப்படியல்ல. அது வந்தால்தான் வந்தது. மூன்றாம் மாத முடிவில் வாடிக்கைக்காரரிடம் நிற்கும் பாக்கி 30 லட்சம். இரும்பு வியாபாரிக்கு நாம் தரவேண்டியது 6 லட்சம். லாபம் 3 லட்சம். முப்பதிலிருந்து ஆறையும் மூன்றையும் கழித்தால் 21. போன பணம் எங்கே இருக்கிறது என்பது இந்த ஒரு கழித்தலில் அகப்பட்டுவிட்டது. அது களவு போகவில்லை; பிறருடைய பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

பையனிடம் சொந்தமாக இருந்தது 8 லட்சம். மீதி 13 லட்சத்தை நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தான். மாத வட்டி 26,000 ரூபாய். ஆகவே ஒரு லட்ச ரூபாய் லாபம் என்று அவன் சொன்னதும் 74,000 ஆகிவிட்டது.

"இன்னும் ஒரு விஷயம், ஸார்" என்று தயங்கினான். "அவர்களே ஆர்டரை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிறார்கள். ஒப்புக்கொண்டால் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்."

எனக்குப் பகீரென்றது. ஆர்டர் இரட்டித்தால் லாபம் இரட்டிக்கும்; அதற்கு முன் இன்னொரு 21 லட்சம் வேண்டும். அதற்குப் பின் வாடிக்கைக்காரர் ஒரே ஒரு மாதம் தாமதித்தால் மேற்கொண்டு 18 லட்சம் வேண்டும். வியாபாரம் குறைந்து அழிந்த கடைகள் பல. வியாபாரம் பெருகி அழிந்த கடைகளும் உண்டு என்பதைப் பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகம் சொல்வதில்லை.

வெனிஸ் நகரத்து உபாத்தியாயர்

பற்றையும் வரவையும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு இடங்களில் எழுதி, இரு பக்கமும் சரிசமமாக நிற்கிறதா என்று பார்க்கும் முறையை ஐரோப்பாவில் முதன் முதல் அச்சேற்றி உலகறியச் செய்தவர் லூக்கா பச்சோலி என்னும் துறவி. 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அவருடைய பெரிய கணித நூல் வெளியாயிற்று. அதில் ஒரு பகுதி கணக்கெழுதும் முறையைப் பற்றியது. அவர் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர்; வெனிஸ் வியாபாரிகள் அதற்கு முன்பே கையாண்டு வந்த முறையை ஒழுங்குபடுத்தி எழுதியவர். வேடிக்கை என்னவென்றால், அவர் வியாபாரியே அல்லர், கணித உபாத்தியாயர். என் வர்க்கத்தைச் சேர்ந்தவர் ஒருவர் செய்த காரியம் என்று நான் பெருமைப்படலாம். ஆனால் ஐந்நூறு வருஷங்களுக்கு மேலாகியும் எங்கள் வகுப்பறைகளில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டவில்லையே என்று வெட்கப்படவும் வேண்டும்.

நம்மவருக்கு இந்த வித்தை புதிதா என்றால், இல்லவே இல்லை. என் தாயைப் பெற்ற தாத்தா காரைக்குடியில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்களை நான் சிறு வயதிலேயே அவர் வாயால் கேட்டிருக்கிறேன். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா முதலிய தேசங்களில் கடை வைத்து நடத்திய காலத்தில், அவர்களுடைய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடையே கலாசாலை. பையன் முதலில் பெட்டியடியில் எடுபிடி வேலை செய்வான். பிறகு அடுத்தாள் ஆவான். கணக்கும் நாணயமும் கைவந்த பின்னரே மேலாளாக அமர்ந்து கடையை நடத்துவான். கடல் கடந்து போகிறவருக்குக் கணக்கு மூன்று வருஷம். அந்தக் காலத்தில் ஊரிலிருக்கும் முதலாளிக்கு ஐந்தொகையும் கடிதமும் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. மாகாணி என்பது பதினாறில் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களையெல்லாம் எண்சுவடியில் மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகளுக்கு வட்டி போடக் காகிதம் வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு தேர்ந்தவர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் விலைவாசி வீழ்ந்தபோது பர்மாவில் நெல் விலையும் வீழ்ந்தது. கடன் வாங்கிய குடியானவர்களால் பணமாகத் திருப்பித் தர இயலவில்லை, நிலத்தைக் கொடுத்தார்கள். 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நகரத்தார் வசம் வந்திருந்தது. நிலத்தை இழந்த பர்மியருக்கு அது ஆறாத மனத்தாங்கல். நிலத்தைப் பெற்றவருக்கும் அது மகிழ்ச்சி தரவில்லை. ஏட்டில் சொத்துப் பெருகிற்று. பெட்டியில் ரொக்கம் வற்றிற்று. பிறகு யுத்தம் வந்தது. 1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்து நிலங்களைத் தேசியமயமாக்கத் தொடங்கியது. ஏட்டில் இருந்தவற்றில் பெரும்பகுதி ஏட்டோடு போயிற்று. சொத்து வேறு, சமயத்துக்கு உதவும் ரொக்கம் வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நம்மவர் சரித்திரத்தில் இல்லை.

ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் உழைப்பால், பணக்காரரும் சாமானியரும் பங்கு வாங்கினார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

அதற்கு ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22-ஆம் தேதி, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடிற்று. "வெள்ளைக்காரன் பாங்கு, மலைபோல் நிற்கும்" என்று நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்த உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் சிறு வியாபாரிகளும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். லண்டன் கூட்டாளி ஊக வியாபாரங்களில் இறைத்த பணம் திரும்பவில்லை. கம்பெனியின் தலைவரான ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்ட பணம் முழுதும் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். பெயரை நம்பினவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை. பார்க்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தச் சாம்பலிலிருந்தே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் இந்தியன் பாங்கு எழுந்தது. அது வேலை தொடங்கிய நாள் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15.

கப்பல் கம்பெனியின் கதை நாம் அறிந்ததே. போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது. அந்நியக் கம்பெனிக்கு வேறு துறைமுகங்களில் வந்த லாபம் தூத்துக்குடி நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டது. சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ ஒரே வழித்தடம். 1908 மார்ச்சு 12-ஆம் தேதி வ. உ. சி. கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. தேசபக்தி குறைந்ததால் அது தோற்கவில்லை. அரசாங்கத்தின் அடக்குமுறையும், ஆழங்காண முடியாத எதிரியின் பணப் பெட்டியும் சேர்ந்து அதை வீழ்த்தின.

விலைக் குறைப்பு எத்தனை கொடிய ஆயுதம் என்பதை எங்கள் பட்டறைக் கணக்கிலேயே பார்க்கலாம். 10 லட்சம் விற்பனையில் 1 லட்சம் லாபம் அல்லவா? விலையில் நூற்றுக்கு 5 குறைத்தால் விற்பனை ஒன்பதரை லட்சம், செலவோ அதே 9 லட்சம், லாபம் 50,000. நூற்றுக்கு ஐந்து விட்டுக் கொடுத்ததில் லாபம் பாதியாயிற்று. நூற்றுக்குப் பத்து விட்டுக் கொடுத்தால் லாபம் பூஜ்யம். இன்னொன்று: கூலி, வாடகை முதலிய 3 லட்சம், சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுக்க வேண்டியது. நூறு ரூபாய் விற்பனையில் இரும்புக்கு 60 போக மிஞ்சுவது 40. ஆகவே மாதம் ஏழரை லட்சம் விற்றால்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற கரையைத் தொடலாம். தன் கரை எது என்று தெரியாமல் படகு விடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சொல்லத் தெரியாத குறை

கணக்கு விளங்கியதும் பையனுக்கு முகம் தெளிந்தது. "வாடிக்கைக்காரருக்குக் கடிதம் எழுதினாயா?" என்றேன். எழுதியிருந்தான். கைப்பேசியிலேயே காட்டினான். இரண்டு பக்கம் இங்கிலீஷ். யந்திரம் எழுதிக் கொடுத்த கடிதம் போலும், மரியாதைக்குக் குறைவில்லை. நீண்ட கால உறவு, பரஸ்பர நன்மை என்று ஆகாயத்தில் பறந்தது. எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிப் பட்டியலுக்கு, எந்த நாளுக்குள் வேண்டும் என்ற மூன்று விஷயங்களைத் தவிர எல்லாம் அதில் இருந்தன.

இரண்டாவது கடிதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். ஐந்தே வாக்கியம். முதல் வாக்கியத்தில் பாக்கித் தொகையும் பட்டியல் எண்ணும். இரண்டாவதில் கெடு எந்த நாளில் முடிந்தது என்பது. மூன்றாவதில், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சிறு தொழில் நிலையத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் அதற்கு மேல் கெடு நீளக் கூடாது, தவறினால் ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு என்ற செய்தி. இதை மிரட்டலாக அல்ல, இருவரும் அறிந்த விஷயமாக எழுதினோம். நான்காவதில், பழைய பாக்கியை மூன்று தவணையில் பெற்றுக்கொள்ளத் தயார் என்ற இணக்கம். ஐந்தாவதில், இனி வரும் ஆர்டர்களுக்கு 45 நாள் கெடு என்ற நிபந்தனை. கெடு 45 நாளானால் அவனுக்கு வேண்டிய நடைமுறை மூலதனம் கையிலிருக்கும் 8 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கடனே வேண்டாம் என்பதையும் முன்னதாகவே போட்டுப் பார்த்துவிட்டோம். கணக்குத் தெரிந்த பிறகு எழுதுகிற கடிதத்தில் கெஞ்சலும் இராது, கோபமும் இராது.

கெட்ட செய்தியை உரிய காலத்தில் சொல்லும் தைரியமும் நிர்வாகிக்கு வேண்டிய வித்தைகளில் ஒன்று. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி ஹைதராபாதிலிருந்த சத்யம் கம்பெனியின் தலைவர் ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிக் கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் பாங்கு இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். பல வருஷங்களுக்கு முன், இடைவெளி சிறிதாக இருந்தபோது, பங்குதாரர்களிடம் ஒரு பக்கத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு நஷ்டச் செய்தியாகவே முடிந்திருக்கும். சொல்லாததால் தேசத்தையே குலுக்கிய மோசடியாயிற்று.

இரண்டு தமிழர்

கணக்கெழுதுவது உப்புச் சப்பில்லாத வேலை என்று எண்ணுகிறவர்களுக்கு இரண்டு பேரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

ஒருவர் ஜே. ஸி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் தணிக்கைத் தொழிலும், அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரமும் பயின்றவர். காந்தியடிகளைச் சந்தித்த பின் மேனாட்டு உடையையும் வருமானத்தையும் துறந்தார். 1934-இல் பீகாரில் பூகம்பம் ஏற்பட்டபோது நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்தார். காந்தியடிகள் பரிவாரத்தோடு அங்கே வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவையும் மோட்டார்ச் செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. காந்தியடிகளுக்கு இதில் கோபம் வந்திருக்க நியாயமில்லை. லண்டனில் மாணவராக இருந்த நாளிலேயே ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதியவர் அவர். பொது ஸ்தாபனத்துக்குக் கணக்கே உயிர் என்பதைத் தம் சுயசரிதையிலும் வற்புறுத்தியவர்.

மற்றவர் ஆர். சிவபோகம் அம்மையார். சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தவர். சுதேசி இயக்கத்தில் ஈடுபட்டு அந்நியத் துணி மறியல் செய்ததற்காக ஒரு வருஷம் சிறையிலிருந்தார். வெளியே வந்து கணக்குத் துறைப் பரீட்சை எழுதி 1933-இல் தேறினார். இந்தியாவில் அவ்வாறு தேறிய முதல் பெண்மணி அவரே. ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்று அரசாங்கத்தின் விதி குறுக்கே நின்றது. அம்மையார் நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார், 1937-இல் தனியாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைவராகவும் விளங்கினார். "பெண்களுக்குக் கணக்கு வராது" என்று இன்றைக்கும் சொல்லுகிற பெரியவர்கள் யாரேனும் இருந்தால், இந்தப் பகுதியை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.

எங்கே கற்பது?

பட்டயக் கணக்காளர் கழகம் 1949-இல் ஏற்பட்டது. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-இல் மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. அவற்றின் வகையைச் சேர்ந்த ஸ்தாபனங்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. மத்திய அரசாங்கம் 2017-இல் தொடங்கிய ஸ்வயம் என்னும் இணையக் கல்வி நிலையத்தில் கணக்குப்பதிவு, நிதி நிர்வாகம், எழுத்து, பேச்சு ஆகியவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். கற்க விரும்புகிறவனுக்கு இடம் இல்லை என்று சொல்வதற்கில்லை.

எனினும் ஒரு குறை உண்டு. நம் மேல்நிலை வகுப்புகளில் கணக்குப்பதிவியல் வணிகப் பிரிவு மாணவருக்கே உரியதாக இருக்கிறது. விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த பையன் பேரேட்டைக் கண்ணால் பாராமலே என்ஜினீயர் ஆகிறான், டாக்டர் ஆகிறான், பிறகு பட்டறையும் ஆஸ்பத்திரியும் நடத்துகிறான். பட்டயம் பெறுவதற்காக அல்ல, ஏமாறாமல் இருப்பதற்காகவாவது எல்லாப் பிள்ளைகளும் மூன்று காரியங்களைக் கற்க வேண்டும். ஓர் ஐந்தொகையைப் படிப்பது ஒன்று. அடுத்த மூன்று மாதத்தில் எந்த வாரம் எவ்வளவு ரொக்கம் வரும், எவ்வளவு போகும் என்று முன்கூட்டி எழுதுவது இரண்டு. தொகையும் தேதியும் சொல்லி அரைப் பக்கத்தில் கடிதம் எழுதுவதும், அதே விஷயத்தைத் தொழிலாளியிடம் அவருக்குப் புரியும் தமிழில் நேருக்கு நேர் பேசுவதும் மூன்று. கம்ப்யூட்டர் கூட்டிக் கழித்துக் கொடுக்கும். என்ன கேட்பது என்பதை நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

நகைகள் என்ன ஆயின?

முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பையன் மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய், பதினான்கு பேரையும் கூட்டி வைத்து, பணம் எங்கே நிற்கிறது என்பதை அதே வெள்ளைக் காகிதத்தைக் காட்டிச் சொன்னானாம். ஏழாம் தேதி பாதிச் சம்பளம், இருபதாம் தேதி மறு பாதி என்று கேட்டுக்கொண்டான். பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள். இருவர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. வாடிக்கைக்காரர் பழைய பாக்கியை மூன்று தவணையில் கொடுக்க இசைந்தார். முதல் தவணை பதினெட்டாம் தேதி வந்துவிட்டது. புதிய ஆர்டர்களுக்கு 45 நாள் கெடுவையும் ஒப்புக்கொண்டார். ஆனால் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்ற ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று. அதற்காகப் பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவன் தாயார் சொன்னார்.

தாயாரிடம் நான் பேசியது சித்திரை மாதத்தில், அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது. அந்த அம்மாள் எட்டாவது வரைதான் படித்தவர். இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை மகன் ஐந்தொகையை அவருக்கு முன் படிக்க வேண்டும் என்று ஏற்பாடாம். ஒவ்வொரு வரிக்கும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "சரி, அந்தப் பணம் இப்போது யார் கையில் இருக்கிறது?"

நான் அந்த அம்மாளை வணங்கிவிட்டு வந்தேன். தணிக்கையாளரும் அதைத்தான் கேட்கிறார். பாங்குக்காரரும் அதைத்தான் கேட்கிறார். ஆர்பத்நாட்டில் பணம் போட்டவர்கள் அதைக் கேட்கத் தவறினார்கள். இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், வாரத்துக்கு ஒரு மணி நேரம் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேரேடு எழுதச் சொல்லிக் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். தலைமையாசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார். முதல் பாடத்துக்கு உதாரணக் கணக்கும் கையில் தயாராக இருக்கிறது. வாசகர்களும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, குடும்பத்தின் ஒரு மாத வரவு செலவை இன்றிரவே எழுதத் தொடங்கலாம். அதற்கு ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.